பத்து மாதமாக யாரையும் திருத்தாதவர் எழுதுவது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். என் நாக்கு மட்டும் பத்து மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தப் பந்தயத்துக்கு நடுவர் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். உங்கள் கல்யாண நாளன்று அவள் கேக் வெட்டும்போது, கத்தியை அப்படிப் பிடிக்காதே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருஷம் யாரையும் திருத்தாம இருந்து காட்டுங்கப்பா. அதுவரைக்கும் நான் அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று அவள் சொன்னதற்கு நீங்களே சாட்சி. டிரைவிங் ஸ்கூலில் காலமெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்தியே சோறு தின்றவன் நான். பழகுபவர் தவறினால் அமுக்க என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், கால் இன்னும் பெறவில்லை. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரர் திரும்பி, ஏன் சார் உதைக்கிறீங்க என்கிறார்.

இருந்தாலும் ரோஷக்காரன் அல்லவா, சொன்னதைக் காப்பாற்றி வருகிறேன். வாய்க்கு வேலை கொடுக்கலாம் என்று மிட்டாய் போட்டுக்கொண்டேன், சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டரிடம் போனால் அவர் மருந்துச் சீட்டில் என்னைப் பெண் என்று எழுதிவிட்டார், திருத்தக்கூடாதே என்று பேசாமல் வாங்கிக்கொண்டேன், மருந்துக் கடைக்காரர் அந்த அம்மா வரவில்லையா என்று கேட்டார், அவங்களுக்கு உடம்பு முடியலை என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் எதிர்வீட்டு பேங்க் அதிகாரி சரிவில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிப் போனார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டேன், கார் நிதானமாக உருண்டு வந்து என் வீட்டு கேட்டையே மடக்கிப் போட்டது. பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவர் என்னிடமே கோபித்துக்கொண்டார். எனக்கு மனசு சரியில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு. விசாரிக்க வருகிறவர்கள் செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றிப் போடுகிறார்கள், அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆரம்பத்தில் உங்கள் அத்தைக்கு இது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. என்னைச் சோதிக்கவே காலண்டரைத் தலைகீழாக மாட்டினாள். ஆனால் நேற்று எதிரில் வந்து உட்கார்ந்து, "ஏதாவது குத்தம் சொல்லுங்களேன். வீடே வெறிச்சுனு இருக்கு" என்றாள்.

மாப்பிள்ளை, பாக்கி இரண்டு மாதத்தையும் வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடுவேன். மகளைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை. நடுவர் மனது வைத்து, உங்க அப்பா திருந்திட்டார் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஒரு நாளாவது அவளை அழைத்து வாருங்கள். வந்தால் காற்று மாதிரி இருப்பேன், சத்தமே வராது.

காலையில் சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சமாதானமாகி, இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் அவளே போன் செய்தாள். கார் ஓட்டப் பழகி, இரண்டாம் முறையாக லைசென்ஸ் பரீட்சையில் தோற்றுவிட்டாளாமே. அவளுக்கு வாய்த்த வாத்தியார் எதைச் செய்தாலும் பிரமாதம் மேடம் என்கிறாராம். அதுவரை உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்றாள். அவ்வளவுதான். "கிளட்சை அரைகுறையா மிதிச்சா வேற எப்படி வரும்? காலை என்ன இரவல் வாங்கிட்டு வந்திருக்கியா?" என்று கத்திவிட்டேன். பத்து மாதமும் பாழ் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ, "இன்னும் சொல்லுங்கப்பா" என்றாள். போன் சூடாகும் வரை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு இங்கு வருகிறாள், பழகி முடிக்கும் வரை இருப்பாளாம். ஒரே நிபந்தனைதான் போட்டிருக்கிறாள். பக்கத்து இருக்கையில் நான் உட்கார வேண்டும், வாயை மூடக்கூடாது.