கலைச்செல்விக்கு வரப்போகும் கவர் குறித்து

வலியசாலை,
திருவனந்தபுரம்.
18.5.1999, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாமா சிவனணைந்தபெருமாள் அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் வன்னியராஜ் வணங்கி எழுதிக்கொள்வது. மருமகன் என்று போட்டிருப்பது அக்காள் மகன் என்ற பொருளில் மட்டுமே. வேறு பொருள் எதுவும் கொள்ள வேண்டாம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். நான் இங்கே சுகம். தாங்களும் அத்தையும் கலைச்செல்வியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் வந்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதை அத்தை கண்ணில் படாமல் தனியாக, உட்கார்ந்து படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம்; ஆனால் உங்கள் தெருவில் போன் இருப்பது அரிசிக்கடையில். நீங்கள் "என்னது, பிள்ளையா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அம்பாசமுத்திரம் முழுக்கப் போய்விடும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலைச்செல்வி பெயருக்கு ஒரு வெள்ளைக் கவர் வரும். மேலே இங்குள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெயரும், தவழ்கிற குழந்தையின் படமும் போட்டிருக்கும். உள்ளே, அவளுடைய ஆண்குழந்தை வினீத்துக்கு மூன்றாவது போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது, உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவும் என்று இங்கிலீஷில் அடித்திருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா எழுதியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் என்றும் எழுதியிருந்தாள். ஆகவே தாங்கள் தினமும் காலையில் தபால் ஆபீசுக்கே போய் நின்று, கவர் பையில் ஏறுவதற்கு முன்னாலேயே கையில் வாங்கிக் கிழித்துவிட வேண்டும். இது எப்படி நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு தாங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

எம்.சி.ஏ. படிக்கிறவன் கோடை லீவில் இரண்டு மாதம் ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்தால்தான் பாஸ் போடுவார்கள் என்பதும், தங்கள் சிநேகிதர் சொல்லித்தான் எனக்கு இங்கே இடம் கிடைத்தது என்பதும் தாங்கள் அறிந்ததே. மே மூன்றாம் தேதி சேர்ந்தேன். வலியசாலையில் மாடி அறை, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் கழக்கூட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எனக்கு நாற்காலி இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் வந்தது, நாற்காலியை யாரோ மீட்டிங்குக்கு எடுத்துப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. நின்றுகொண்டே டைப் அடித்தேன். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, ஏ.சி. வேறு, தரை ஐஸ் மாதிரி இருக்கும்; ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நின்றேன். நாலாம் நாள் இ-மெயில் என்று ஒன்று கொடுத்து, நீ சேர்ந்திருப்பதை எல்லோருக்கும் எழுது என்றார்கள். நானும் முறைப்படி, நான் இங்கு சுகம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அங்கு சுகமா என்பதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அது நூற்றுப்பத்துப் பேருக்கும் போயிருக்கிறது. பெரிய முதலாளியிடமிருந்து மட்டும் பதில் வந்தது. அவரும் சுகம்தானாம்.

என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு வினீத் சார் என்பவருக்கு. அவர் மலையாளி. பக்கத்து மேஜையில் ஆர்யா என்று ஒரு அக்கா, வலியசாலைத் தமிழ் வீட்டுப் பெண். அவளைத் தவிர மற்ற எல்லோரும் மலையாளம்தான். மலையாளம் என்ன பெரிய விஷயம், தமிழை மூக்கால் பேசினால் மலையாளம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை நம்பித்தான் நானும் வந்தேன். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை வினீத் சாரைக் காணோம். "சாருக்கு பனி" என்றார்கள். மே மாதத்தில் எங்கே பனி, மலைக்குப் போயிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் வந்ததும், "பனி நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "தரக்கேடில்லாயிருந்து", அதாவது மோசமில்லை, என்று சொல்லி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். பனி என்றால் இங்கே காய்ச்சல். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வேலை என்னவென்றால், பழைய ப்ரோக்ராம்களில் வருஷத்தை 99 என்று இரண்டு எண்ணில் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிற ஜனவரியில் அது 00 ஆகும்போது கம்ப்யூட்டர் 1900 என்று எடுத்துக்கொண்டுவிடும். அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி, தடுப்பூசி போட வேண்டிய பிள்ளைகளின் தாய்மாருக்கு வாராவாரம் கடிதம் அடித்து அனுப்பும். அந்த ப்ரோக்ராமைச் சரிசெய்கிற வேலை வினீத் சாரிடம் இருந்தது. சோதித்துப் பார்க்கப் பொய்யாகப் பன்னிரண்டு பெயர்கள் வேண்டும், நீயே தயார் செய் என்றார். நான் AAA, BBB என்று போட்டுக் காட்டினேன். "அய்யோ, இங்ஙனெ அல்ல. ஒரிஜினல் போலெ வேணம். நினக்கு அறியாவுன்ன பேரும் அட்ரஸும் இட்டோ" என்றார். எனக்கு அறிந்த பெயர், அறிந்த விலாசம் என்றால் நம் சொந்தக்காரர்கள்தானே மாமா? கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுகிற மாதிரி வரிசையாகப் போட்டேன். தென்காசிப் பெரியப்பாவுக்கு எழுபத்தொரு வயதானாலும் நாலு மாதக் கைக்குழந்தை. பிரம்மச்சாரியான சுப்பையா சித்தப்பாவுக்கு இரட்டைக் குழந்தை. இரட்டை வந்தால் ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்று பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு ஆபீசில் இருப்பவர்கள் பெயரை வரிசைப்படி வைத்தேன். கலைச்செல்விக்கு வினீத் வந்தது. வரிசையில் வந்ததுதான், வேறு ஒன்றும் இல்லை. தேதியை 2000 என்று மாற்றி ஓட்டியபோது, சுப்பையா சித்தப்பாவின் இரட்டைக் குழந்தைகளுக்கு வயது மைனஸ் தொண்ணூற்றொன்பது என்று வந்தது. வினீத் சார், தவறு அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் "கிட்டிப் போயி!" என்று கத்தி என் முதுகில் தட்டினார். இங்கே வந்த பிறகு என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பையை மாட்டிக்கொண்டே, "வன்னியராஜே, ஆ பழய லிஸ்ட் ஒந்நு மாற்றி வெச்சேக்கு. பின்னெ டெஸ்ட் ஓடிச்சால் மதி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பழைய லிஸ்ட் என்பது இந்த வாரக் கடிதத்துக்காக ஃப்ளாப்பியில் இருந்த, ஆஸ்பத்திரியின் நிஜமான தாய்மார் அறுபத்துமூன்று பேருடைய பட்டியல். அதை மாற்றி வைத்துவிட்டு அப்புறம் டெஸ்ட் ஓட்டினால் போதும் என்கிறார் என்று எனக்குத் தெளிவாகவே விளங்கியது. மாற்றி வைத்தேன். அறுபத்துமூன்று பேரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம் பன்னிரண்டு பேரையும் வைத்தேன். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, வழக்கம்போல அந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு போனார். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மாமா. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து ரத்னாபாய் என்ற அம்மாள் போன் செய்தார். இந்த வாரம் கடிதம் வரவில்லையே என்று தாய்மார் சிலர் பிள்ளையும் கையுமாக வந்து கேட்கிறார்கள், லிஸ்டைப் பார்த்தால் ஒரு ஆள்கூட இந்த ஊர் இல்லை, கவரெல்லாம் சனிக்கிழமையே அனுப்பியதாக நோட்டில் எழுதியிருக்கிறது என்றார். வினீத் சார் லிஸ்டைத் திறந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகப் படித்துக்கொண்டே வந்து கலைச்செல்வி பெயரில் நின்றார்.

"இது யாரா?"

"மாமா பொண்ணு சார்."

"வினீத் எந்நு பறயுன்னது?"

"நீங்கதான் சார்."

"அப்போ எனிக்கு மூணாமத்தெ டோஸ் ஆயி" என்றார். யாருமே சிரிக்கவில்லை.

ஆர்யா அக்காதான் எழுந்து வந்தாள். "நேக்குப் புரியறது. சார், நீங்க மாற்றி வெக்கான் பறஞ்ஞு, அல்லே? அவன் மாத்தியே வச்சுட்டான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டாப்பா, மாற்றி வெக்குன்னா இங்கே ஓரமா எடுத்து வைன்னு அர்த்தம். பத்திரமா வைக்கச் சொன்னார். நீ ஊரையே மாத்திட்டியே!" என்றாள். இங்கேயிருந்து நேரே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடலாம், காலேஜ் பாஸ் போடாவிட்டால் போகிறது என்று செருப்பைத் தேடப் போனேன். செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், இது தமிழ் மாற்றி. அதனால் திரும்ப உள்ளே வந்தேன்.

நல்லவேளையாக ஆர்யா அக்கா பழைய லிஸ்டை வேறொரு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். அறுபத்துமூன்று கடிதத்தையும் உடனே அடித்து, நானே வெறுங்காலோடு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்னாபாய் அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டாமல் பசை டப்பாவை நகர்த்திவைத்தார். வராந்தாவில் ஏழெட்டுத் தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி நம் பக்கத்து ஆள், வள்ளியூர்க்காரி. புருஷன் இங்கே கொத்துவேலை. நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளை படம் போட்ட கடுதாசி வந்தாத்தான் ஊசிக்குத் தேதி வந்துட்டுன்னு தெரியும். இந்த வாரம் வரல்லியேன்னு நானே தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். மடியில் குழந்தை என் சட்டைப் பேனாவைப் பிடித்து இழுத்தது. அதுவரைக்கும் அந்த அறுபத்துமூன்றும் எனக்கு வெறும் பெயராகத்தான் இருந்தது, மாமா. அவளுடைய கடிதத்தைத் தேடி எடுத்துக் கையிலேயே கொடுத்தேன். மீதி அறுபத்திரண்டுக்கும் நானே பசை ஒட்டினேன்.

திரும்பி வந்ததும் வினீத் சார் கூப்பிட்டார். போகச் சொல்லப் போகிறார் என்றுதான் போனேன். "நாளெ முதல் ஞான் எந்து பறஞ்ஞாலும், நீ அது நின்டெ தமிழில் எனிக்கு திரிச்சு பறயணம். எந்நிட்டு மதி வேல" என்றார். அவர் சொல்வதை நான் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் வேலையைத் தொட வேண்டுமாம். தவறு தன் பேரிலும் உண்டு, ஃப்ளாப்பியைத் தானே சரிபார்த்திருக்க வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பெயரில்தான் கலைச்செல்விக்கு ஒரு குழந்தை உங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

இதில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். பெண் பார்க்க வருகிற சமயத்தில் முறைப்பையன் வேலை பார்க்கிற ஊரிலிருந்து இப்படி ஒரு கவர் வந்தால், அவன் வேண்டுமென்றே செய்தான் என்றுதான் அத்தை சொல்வாள். சத்தியமாக அப்படி இல்லை. எனக்கு அந்த எண்ணமே கிடையாது. கலைச்செல்விக்கும் கிடையாது, போன பொங்கலுக்கு நான் கேட்காமலே சொன்னாள். அவளுக்கு நல்ல இடமாக அமைய வேண்டும். தாங்கள் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தபால் ஆபீசில் நின்றால் போதும். யாராவது கேட்டால் பென்ஷன் விஷயம் என்று சொல்லலாம். மற்ற பதினோரு வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரத்தைக் காரணம் சொல்லாமல் சொல்லவும். கலைச்செல்விக்கு அன்பு, அக்காள் மகன் என்ற முறையில். தங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்; இந்த வாரம் மட்டும் ஆசியைவிட உதவி அவசரம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
வன்னியராஜ்

பி.கு.: மாலை ஐந்தரை மணி. இப்போதுதான் ரத்னாபாய் அம்மாள் மறுபடி போன் செய்தார். ஆஸ்பத்திரியில் தபால் அனுப்பும் யோசுவா என்பவர் இரண்டு நாள் லீவு முடிந்து இன்று வந்து அலமாரியைத் திறந்திருக்கிறார். சனிக்கிழமை கவர்களில் தமிழ்நாட்டு விலாசமாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நோட்டில் முன்கூட்டியே எழுதியிருந்தும் ஒன்றைக்கூட அனுப்பாமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டும் பத்திரமாக இருக்கின்றன. கலைச்செல்விக்கு எந்தக் கவரும் வராது. இந்தக் கடிதமே தேவையில்லை, கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் மற்ற பதினோரு வீட்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, அவர்களுக்கு இன்று காலையிலேயே எழுதிப் போட்டுவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தேன், பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கவர் கிடைக்காததால் போஸ்ட் கார்டில் எழுதினேன். அதில் ஒன்று சங்கரன்கோவில் பெரியம்மாவுக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு நாலாவது வீடு என்கிறாள் அம்மா. ஆகவே தாங்கள் இதைக் கண்டதும் அம்பாசமுத்திரம் தபால் ஆபீசை விட்டுவிட்டு சங்கரன்கோவில் பஸ் ஏறவும். அதிகமாக ஒன்றும் எழுதவில்லை, கலைச்செல்விக்குப் பேச்சு வரக் கூடாதே என்று எல்லோருக்கும் ஒரே மூன்று வரிதான்: "ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தால் நம்ப வேண்டாம். கலைச்செல்விக்குக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்."