பெருச்சாளியின் முதுகில் அம்புக்குறி

ஒரு பொருள் ஓடவில்லையே என்று கவலைப்படுகிறவர்களை ஊரெல்லாம் பார்க்கலாம். நன்றாக ஓடுகிறதே என்று கவலைப்பட்ட ஒரே ஆள் எங்கள் ஸ்பேனர் அக்காதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கராக இருந்தபோது, ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த கேன்டீன் மின்விசிறியை அவர் மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அது எந்தப் பக்கம் சுற்றுவது என்று யோசித்துவிட்டுத்தான் சுற்றியது.

அக்கா தையல் மெஷினில் உட்கார வந்தவர். முதலில் தன் மெஷினைத் தானே சரிசெய்தார். அப்புறம் பக்கத்து மெஷின், அப்புறம் அந்த வரிசை முழுக்க. எந்த மெஷின் நின்றாலும் பெண்கள் மெயின்டனன்ஸுக்குப் போன் போட மாட்டார்கள், "யக்கோவ்" என்று ஒரு குரல்தான். ஆனால் கம்பெனிக் காகிதத்தில் அவர் வெறும் ஹெல்பர். ரிப்பேருக்கு ஒரு மோட்டாரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் கேட் பாஸில் மெக்கானிக் கையெழுத்து வேண்டும். மோட்டாரைக் கழற்றியது அக்கா, கையெழுத்துப் போடுவது வேறு யாரோ. அது அவருக்குத் தாங்கவே இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் இரண்டு ரோபோக்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தார். வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அதே மாதிரி போட்டி நடக்கிறது, பதினைந்து கிலோவுக்குள் இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது.

சக்கரத்துக்கு லாரி வைப்பர் மோட்டார். சக்கரத்தைச் சுற்றி ஷூ அடியில் ஒட்டுகிற ரப்பர். முன்பக்கம் போல்ட்டுகள் பதித்து வேகமாகச் சுழலும் ஓர் உருளை. முதுகில் கட்டிங் பிரிவு கழித்துப் போட்ட தடித்த நைலான் பலகை. தோல் வெட்டும் பிரஸ்ஸில் தோலுக்கு அடியில் கிடந்து, வருஷக்கணக்காகக் கத்தி இறங்கி இறங்கிப் பழகிய பலகை அது. தட்டையாக, கறுப்பாக, தரையோடு தரையாகக் கிடந்ததைப் பார்த்து தையல் பெண்கள் பெருச்சாளி என்று பேர் வைத்தார்கள்.

முதல் ஓட்டத்தில் அக்கா ரிமோட்டில் முன்னால் போகச் சொன்னார். அது பின்னால் போனது. நேராக கேட்டை நோக்கிப் போனது. கேட்டில் இருந்த பாய், பாஸ் இல்லாமல் ஒரு நூல்கண்டைக்கூட வெளியே விடாதவர். பாஸில் போட்ட தேதி ஒருநாள் தாண்டினால் திரும்பி வந்த பொருளை உள்ளேயும் விடாதவர். தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு, கையை நீட்டி நின்றார். பெருச்சாளி கம்பிக்கு அடியில் புகுந்து, பாயின் இரண்டு காலுக்கும் நடுவில் போய், எதிர் டீக்கடை பெஞ்சில் முட்டித்தான் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் டீ சிந்தாமல் எழுந்துவிட்டார்கள். பாய்தான் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

போட்டிக்குப் போக பெருச்சாளிக்கும் கேட் பாஸ் வேண்டுமே. கையெழுத்துக்கு மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். போட்டுவிட்டு, வரிசையில் எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இது ஒரே ஒரு சண்டை ஜெயிச்சிட்டு வரட்டும், உன்ன மெக்கானிக்னு போட்டுர்றேன். தோத்துச்சின்னா இனிமே ஸ்பேனரைத் தொடக் கூடாது. தையல்ல போய் உக்காரு."

அக்கா சரி என்றார்.

கேட்டில் பாய் பேனாவைத் திறந்தார். "திரும்பி வர்ற பொருளா, வராத பொருளா?"

"வர்ற பொருள்னே எழுதுங்க பாய். பீஸ் பீஸா வந்தாலும் வரும்" என்றார் அக்கா.

லோடு ஆட்டோவில் பெருச்சாளியும், அக்கா, தையல் பெண்கள், நான் என ஏழு பேரும். ஆளுக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று நிமிஷம். எதிரில் ஒரே மாதிரி பனியன் போட்ட கல்லூரிப் பையன்கள். மணி அடித்ததும் அவர்கள் ரோபோ வேறெங்கும் பார்க்கவில்லை. பெருச்சாளியின் இடது சக்கரத்தில் லூசான போல்ட்டில் ஓர் அடி, உருளைக்குப் போகும் ஒயரில் ஓர் அடி, மூடி சரியாகப் பொருந்தாத மூலையில் ஓர் அடி. நாங்கள் மட்டுமே அறிந்த குறைகள் எல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வாயைப் பிளந்து நின்றோம். தோற்றுப்போனோம்.

ஜெயித்த பையன் பக்கத்தில் வந்து மரியாதையாகக் கேட்டான். "ஆன்ட்டி, அந்தச் சிவப்பு அம்புக்குறியெல்லாம் எதுக்கு?"

எங்கள் கம்பெனியில் ஷூவில் எங்கே குறை இருந்தாலும் செக்கர் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவான். குறை சரியாகும்வரை அதை யாரும் பிடுங்கக் கூடாது. கிளம்புகிற அன்று காலையில் நான் பழக்கதோஷத்தில் பெருச்சாளியைச் சுற்றி வந்து பதினோரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். சரிசெய்ய நேரமில்லை. ஒழுக்கமான தொழிலாளர்களாயிற்றே, ஏழு பேரில் ஒருவரும் பிடுங்கவில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று எதிரிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த ஒரே படை உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெருச்சாளியை மடியில் வைத்துக்கொண்டு, அறுந்துபோன சக்கர ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார். உருளை செத்தே போயிருந்தது. இனி அது ஓடும், அடிக்காது. அடுத்த ஆட்டத்தில் வரப்போவது தலைமேல் கோடாலி வைத்த ரோபோ. அதன் பையன்கள் முதல் ஆட்டத்தை முழுசாகப் பார்த்துச் சிரித்தவர்கள்.

திடீரென்று அக்காவின் கை நின்றது. அந்தப் பையன்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பதினோரு அம்புக்குறியையும் பிடுங்கினார்.

"செக்கரே, ஸ்டிக்கர் வெச்சிருக்கியா?"

என் பாக்கெட்டில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். நைலான் பலகையைக் காட்டி, நட்டநடு முதுகில் ஒட்டச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. குறையே இல்லாத இடத்தில் நான் வாழ்நாளில் அம்புக்குறி ஒட்டியதில்லை.

"ஒட்டு தம்பி. பாவம் எனக்கு."

ஒட்டினேன். மணி அடித்தது. கோடாலி ரோபோ நேராக வந்தது, சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தது, முழு பலத்தோடு இறக்கியது. கத்தியை உள்ளே வாங்குவதையே பிழைப்பாக வைத்திருந்த பலகை அல்லவா, கோடாலியையும் ஆசையோடு வாங்கிக்கொண்டது. இறங்கிய கோடாலி ஏறவில்லை. அக்கா ரிமோட்டை முன்னால் தள்ளினார். பெருச்சாளி தன் முதுகில் மாட்டிய எதிரியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அரங்கத்தை ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்றில், விழுந்தால் தோல்வி என்கிற ஓரத்துப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. எங்கள் பெண்கள் போட்ட கூச்சலில் மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. தோற்பதைப் பார்த்துச் சிரிக்க வந்த மேனேஜர் நாற்காலிமேல் ஏறி நின்று, "இழு, இழு" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதற்காக நிறுத்த முடியவில்லை.

கேட்டில் பாய் போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அக்கா தன் தலைமுடியில் சிக்கியிருந்ததை எடுத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்.

மெக்கானிக் என்று உத்தரவு வந்த அதே வாரம், பத்திரிகை வேலை கிடைத்து நான் சென்னைக்குக் கிளம்பினேன். அக்கா மெக்கானிக்காகக் கையெழுத்துப் போட்ட முதல் கேட் பாஸ் என் பேருக்குத்தான். பொருள்: செக்கர், ஒன்று. நிலை: கொஞ்சம் ரிப்பேர். திரும்பி வரும். கையெழுத்துக்குக் கீழே மெக்கானிக் என்று எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார். திரும்பும் தேதி என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மறந்துவிட்டீர்களே என்று கேட்டேன்.

"மறக்கல. தேதி போட்டா, அது தாண்டினப்புறம் பாய் உன்ன உள்ள வுட மாட்டாரு."

அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.