ஏழாயிரம் மொழியும் ஒரு பங்காரமும்

கடத்தூரில் பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கும் குப்புராஜ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு சபதம் எடுத்தார். பெண்டாட்டி காவேரி தன்னைப் பற்றித் தங்கச்சியிடம் என்னதான் சொல்லிச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

காவேரிக்குப் பென்னாகரம் பக்கம். பிறந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. ஒகேனக்கல் பரிசலில் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம், கல்யாணத்தில் கரையேறியது. குப்புராஜிடம் அவள் தமிழ்தான் பேசுவாள். ஓசூரிலிருந்து தங்கச்சி நிர்மலா போன் பண்ணினால் மட்டும் மடை திறந்த மாதிரி தெலுங்கு கொட்டும். குப்புராஜுக்குத் தெரிந்த தெலுங்கு, மாமனார் வீட்டில் வயிறு நிறையும் அளவுக்குத்தான். அன்னம், தண்ணிக்கு நீள்ளு, வா என்பதற்கு ரா, போ. அதோடு ‘ஆயன’. ஆயன என்றால் ‘அவர்’. அவர் என்றால் இவர். போனில் ஆயன வரும். உடனே சிரிப்பு வரும். இவருக்குப் பொரை ஏறும்.

பக்கத்துக் கடை டெய்லர் நூர் பாஷாவிடம் மனசைத் திறந்தார்.

“கேட்டுற வேண்டியதுதானேண்ணே?”

“கேட்டா, பயந்துட்டேன்னு நெனைக்க மாட்டாளா?”

“பயமில்லீங்களா?”

“இருக்குது. வெளிய தெரியக் கூடாதில்ல?”

நூர் பாஷா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: “எங்க வூட்ல உருது. என்னையத் திட்டறது ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாப் புரியுது. புரியாம வாழறது உங்க யோகம்ண்ணே. அதைப் போய்க் கெடுத்துக்காதீங்க.”

குப்புராஜ் கேட்கவில்லை. தர்மபுரியில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பஸ் ஏறினார். தெலுங்கு கற்றுக்கொள்ளும் புத்தகம் வாங்கினால் வாசற்படியிலேயே மாட்டிக்கொள்வார். உலகத்து மொழிகளைப் பற்றிய புத்தகம் என்றால்? ஏழாயிரம் மொழிக்கு நடுவில் ஒரு தெலுங்கு ஒளிந்திருந்தால் எவருக்குத் தெரியும்?

சட்டையில் பிரியதர்ஷினி என்று அட்டை குத்தியிருந்த புத்தகக் கடைப் பெண் மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தாள்.

“மூணுமே ஆரம்பத்துல படிக்கறதுக்குத்தான் சார். எது வேணும்னு நீங்களே பாருங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மொழியைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அது சரியா இருந்தா, தெரியாத மொழியைப் பத்திச் சொல்றதையும் நம்பலாம்.”

முதல் புத்தகம் தலையணை கனம். தமிழுக்கு உதாரணமாக ஒரு வாக்கியம் கொடுத்திருந்தது: ‘என் மாமாவால் தோட்டத்தில் வாழைப்பழம் உண்ணப்பட்டது.’ தமிழ்நாட்டில் எந்த மாமாவும் அப்படிச் சாப்பிட்டதில்லை. மூடி வைத்தார்.

இரண்டாவது புத்தகம் முதல் பக்கத்திலேயே உலகத்து மொழி எல்லாம் தமிழில் பிறந்தது என்றது. குப்புராஜின் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. ஆசையாகத் தெலுங்குப் பக்கத்தைப் புரட்டினார். ஒரே ஒரு வரி: ‘இதுவும் தமிழே.’ பெருமை சரிதான், போன் புரியாதே! அதையும் வைத்தார்.

மூன்றாவது ஒல்லிப் புத்தகம். நடுவில் ஒரு அட்டவணை. தண்ணீர், அம்மா, நிலா, தங்கம் என்று பத்துச் சொற்கள், இருபது மொழியில். தெலுங்கும் இருந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

காவேரி வாங்கிப் பார்த்தாள். “இது என்னத்துக்குங்க?”

“பொது அறிவு.”

“திடீர்னா வருது?”

“வர வேண்டிய வயசு.”

அவளே முதலில் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் கடை சாத்தி வந்தால், காபியோடு ஒரு நாட்டுக் கதையும் வந்தது. மலைக்கு மலை சீட்டியடித்தே பேசிக்கொள்ளும் சனங்கள் உண்டாம். குப்புராஜ் சீட்டியடித்துக் காபி கேட்டுப் பார்த்தார். வந்தது நாய்.

ஒருநாள் அவள் படித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு மொழியைப் பேசத் தெரிந்த கடைசி ஆள் ஒரே ஒரு அம்மாவாம்.

“மத்தவங்க எல்லாம் போனதுக்கப்புறம், அந்தம்மா யார்கிட்டங்க பேசியிருப்பாங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். அதற்கப்புறம் இவளுக்குத் தன் மொழியில் பேச நிர்மலாவை விட்டால் ஆளில்லை. இத்தனை வருசம் பக்கத்திலேயே இருந்தும், அஞ்சு வார்த்தையோடு நின்றுவிட்டோமே என்று குப்புராஜ் நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் சபதம் சபதம்தானே?

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. குப்புராஜ் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி காதைத் தீட்டினார். வேகமாக ஓடிய தெலுங்கில் ஒரு சொல் பளிச்சென்று சிக்கியது. பங்காரம்! அட்டவணையில் படித்தது. தங்கம்! ‘ஆயன’ என்றாள், ‘பங்காரம்’ என்றாள். மறுபடியும் ஆயன, மறுபடியும் பங்காரம். அடுத்து சிரிப்பு.

விளங்கிவிட்டது. ஒரு குண்டுமணி தங்கம்கூட வாங்கித் தராத மனுசன் என்றுதான் இத்தனை வருசமும் சிரித்திருக்கிறார்கள்! கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே தர்மபுரிக்குப் போய், கல் வைத்த மூக்குத்தி ஒன்று வாங்கி வந்து அவள் கையில் வைத்தார்.

“ஏனுங்க, என்ன விசேசம்?”

“உன் தங்கச்சிகிட்டப் பொலம்பினியே. என்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?”

“நான் எங்கங்க பொலம்பினேன்?”

“ஆயன பங்காரம், ஆயன பங்காரம்னு... எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு நெனைச்சியா?”

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ, எங்க வூட்டுக்காரர் தங்கமான மனுசன்னு சொன்னேனுங்க!”

குப்புராஜ் மூக்குத்தியைப் பார்த்தார். அவள் மூக்கைப் பார்த்தார்.

“அப்ப... போன்ல சிரிக்கறது?”

“நீங்க சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனது, வாயில இருக்கற ஸ்பேனரை வூடு பூரா தேடினது. சிரிக்காம என்ன பண்றது? சிரிச்சு முடிச்சா கடைசியில தங்கம்தான்னுதான் சொல்லுவேன். அன்னிக்குக் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன், அவ்வளவுதான்.”

“சத்தமா எதுக்கு?”

“அந்த அட்டவணைப் பக்கம் பூரா உங்க கிரீஸ் கை. எந்த வார்த்தையெல்லாம் படிச்சிருக்கீங்கன்னு தெரியாதுங்களா? ‘நிலா’ன்னு சொல்லியிருந்தா பாவம், எங்க போய் வாங்குவீங்க?”

மூக்குத்தியைத் திருப்பித் தரும் பேச்சே எழவில்லை. பதிலாக, அன்று முதல் சாயங்காலம் காபியோடு தெலுங்கும் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். குப்புராஜ் தப்பும் தவறுமாகச் சொல்ல, காவேரி சிரித்துச் சிரித்துத் திருத்துவாள். இப்போது அந்தச் சிரிப்புக்குப் பொரை ஏறுவதில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். காவேரி களி கிண்டிக்கொண்டிருந்தாள். கை ஓயாததால் போன் ஸ்பீக்கரில் பேசியது. நிர்மலாவின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

“அக்கா, ஆ புஸ்தகம் மா ஆயனக்கு கூட ஒகடி கொனு!”

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தெலுங்கு வாக்கியம் குப்புராஜுக்கு முழுசாகப் புரிந்தது: ‘அக்கா, அந்தப் புத்தகத்தை எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கு!’