வில்லுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் முதலில் அதற்குப் பொட்டு வைத்துவிடுவோம். அதை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் அப்புறம். அப்பாவின் ஸ்கூட்டர், தையல் மிஷின், கிரைண்டர், எதுவும் பாக்கியில்லை. ஆகவே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த அண்ணன் எனக்காகக் கொண்டுவந்த காம்பவுண்டு வில்லில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கரங்கள் இருப்பதைப் பார்த்ததும், அம்மா நேராகப் பூஜை அலமாரிக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அண்ணன் வில் வாங்கி வந்ததற்குக் காரணம் என் வாய்தான். காலேஜில் மூங்கில் வில்லால் அம்பு விட்டுக் கோப்பை ஜெயித்ததாக அவனுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். (போட்டியிட்டதே நாலு பேர் என்பதை எழுதவில்லை. கடிதத்தில் இடம் போதவில்லை.) அவன் திரும்பிப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். இது மூங்கில் வில் மாதிரி எடுத்தவுடன் விடுகிற சமாசாரம் இல்லை, உன் கைக்கு ஏற்ற மாதிரி செட் பண்ண வேண்டும், ட்யூன் பண்ண வேண்டும், கூட இருக்கும் புத்தகத்தைப் படி என்று. நான் தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். அதுவரை நான் செய்த ஒரே ட்யூனிங், டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் பிடித்ததுதான்.

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது வெறும் மனைகள்தான். கல் நட்டு, கயிறு கட்டி, யாரும் வீடு கட்டாமல் கிடந்தன. அங்கே ஒரு மணல் குவியலின் மேல் பழைய தேங்காய்நார் மெத்தையைச் சாய்த்து வைத்து, பக்கத்து வீட்டு மேரி அக்கா உட்படப் பாதித் தெருவைக் கூப்பிட்டு நிறுத்தி, ஸ்டைலாக நாணை இழுத்தேன். நாண் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். என் கண் பிதுங்கியதே தவிர நாண் அப்படியே இருந்தது. ‘தள்ளு’ என்று வாங்கிய அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அவர் ஆபீசுக்குச் சாய்ந்தபடியே போனார்.

அன்று ராத்திரி ரோஷத்தோடு புத்தகத்தைப் பிரித்தேன். மேலேயும் கீழேயும் இருக்கும் திருகாணியைத் தளர்த்தினால் இழுக்கிற கனம் குறையும் என்று போட்டிருந்தது. மேலே இருந்ததை மட்டும் தளர்த்தினேன். (மேலேயும் கீழேயும் என்றால் இரண்டையும் என்று அர்த்தமாம்.) மறுநாள் வில், பக்கவாதம் வந்த ஆள் மாதிரி ஒரு பக்கமாக நின்றது. இரண்டையும் சரி பண்ணி இழுத்தால், பாதி தூரம் வரை கனத்த நாண் திடீரென்று பஞ்சாகிவிட, நான் மல்லாந்து விழுந்தேன். காம்பவுண்டு வில்லின் மகிமையே அதுதான் என்பது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

ஆனாலும் விடவில்லை. ஆபீசிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும் புடவையை மாற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். அம்பைத் தாங்கும் குட்டிக் கொக்கியை நானே பொருத்தினேன். நாணின் நடுவில் அம்பின் வால் உட்கார வேண்டிய இடத்தில் பித்தளை வளையத்தை நானே அழுத்தி மாட்டினேன். ஊரில் இதைக் கற்றுத்தர ஆள் கிடையாது. விரலெல்லாம் கன்னிப்போனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது, சொல்வதற்கென்ன.

கடைசிக் கட்டம் பேப்பர் பரீட்சை. ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு, கிட்டத்தில் நின்று அதன் வழியாக அம்பு விட வேண்டும். ஓட்டை வட்டமாக விழுந்தால் வில் சரியாக இருக்கிறது. நீளமாகக் கிழிந்தால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகிறது, கொக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டும். நான் கொடியில் கிளிப் போட்டு அன்றைய பேப்பரையே தொங்கவிட்டேன். அப்பா இன்னும் படிக்கவில்லை என்பது அவர் கத்தியபோதுதான் தெரிந்தது.

இங்கேதான் என்னைப் பேய் பிடித்தது. சனிக்கிழமை பார்த்தால் பேப்பர் வாழை இலை மாதிரி நீளமாகக் கிழியும். கொக்கியை இறக்கிச் சரி பண்ணுவேன். ஓட்டை வட்டமாக விழும். நாள் போகப் போக அதே வில், அதே கை, ஆனால் கிழிசல் எதிர்ப்பக்கம் போகும். மறுபடி ஏற்றுவேன். வியாழக்கிழமை அருமையான வட்டம். சனிக்கிழமை மறுபடி வாழை இலை. காற்று, வெயில், பக்கத்து ஏரியின் ஈரம், ஜாதகம் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டேன். நடுவில் இருக்கும் வெள்ளிக்கிழமை மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வில்லுக்குப் பொட்டு வைக்கும் நாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, அப்புறம் நாணின் நடுவில் பித்தளை வளையத்துக்குக் கீழே, சரியாக அம்பு உட்காரும் இடத்தில், கெட்டிச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும். அதுதான் வில்லின் நெற்றி என்பது அம்மாவின் தீர்மானம். சந்தனம் காய்ந்து நாண் தடித்துவிடும். அம்பின் வால் அதில் இறுகிப் பிடித்துக்கொண்டு, விடும்போது துள்ளும். வாரம் முழுக்க நான் அம்பு விட விடச் சந்தனம் உதிரும். உதிர உதிர நான் கொக்கியை மாற்றுவேன். தாயும் மகளுமாகப் போட்டி போட்டுக்கொண்டு அந்த வில்லை ட்யூன் பண்ணியிருக்கிறோம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அம்பு மெத்தையைத் தாண்டி மேரி அக்காவின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. அக்கா சண்டைக்கு வரவில்லை. “வசந்தி, டாங்க்ல தண்ணி ஊத்திக்கினு கீது, அம்ப வந்து எடுத்துக்கோ” என்று சாவகாசமாகச் சொன்னார். அப்பாதான் பொங்கிவிட்டார். குரோம்பேட்டையில் நடக்க இருந்த போட்டிக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். அதில் ஒரு அம்பாவது போர்டில் படட்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே வில் பரணுக்குப் போகும், அப்புறம் அண்ணன் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்ப்பு சொன்னார். அம்மா அவரை முறைத்தாள். “படும். நான் வந்து பாக்கறேன்.”

போட்டி ஞாயிற்றுக்கிழமை. விசேஷம் என்பதால் அந்த வெள்ளிக்கிழமை அம்மா பொட்டை நாணின் மேல் முழ நீளத்துக்கு இழுத்துவிட்டாள். சனிக்கிழமை கொக்கியை எவ்வளவு மாற்றியும் வட்டம் விழவில்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

மைதானத்தில் வந்திருந்தவர்கள் எல்லாருமே ஆண்கள். நான் ஒருத்திதான் பெண். என் முதல் அம்பு போர்டைத் தாண்டி மணல்மேட்டில் குத்தியது. அடுத்தது புல்லில் பாம்பு மாதிரி ஊர்ந்து போனது. அதற்குப் பிறகு விட்டவையும் அப்படியே. அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றுக்குத் திரும்பி நின்றபோது நடுவர் என் முகத்தைப் பார்த்து விசிலை ஊதினார். “யாரும் விடாதீங்க. இந்தப் பொண்ணுக்கு அடிபட்டிருக்கு.”

முதலுதவிப் பெட்டி வந்தது. யாரோ நாற்காலி போட்டார்கள். எனக்கு வலியே இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறாளாம். நடுவர் பஞ்சால் என் மூக்கிலிருந்து முகவாய் வரை ஓடிய சிவப்புக் கோட்டைத் துடைத்தார். பஞ்சை உற்றுப் பார்த்தார். முகர்ந்தார்.

“ஏம்மா, இது குங்குமமா?”

மைதானமே சிரித்தது. இழுக்கும்போதெல்லாம் நாண் என் மூக்கில் படும். ஒவ்வொரு அம்புக்கும் முகத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நடுவர் வில்லை வாங்கி நாணைத் தடவிப் பார்த்து, அம்பு உட்காருகிற இடத்தில் சந்தனத்தை அப்பினால் அம்பு எங்கே போகும் என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அத்தனை சனிக்கிழமைகளும் வரிசையாகக் கண்முன் வந்தன.

நடுவர் துடைக்கச் சொல்லித் துணியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன். கை போகவில்லை. சுமங்கலி வைத்த பொட்டு, அதுவும் அவள் கண்ணெதிரிலேயே. அப்பாவின் பரண் ஒரு பக்கம், அம்மாவின் முகம் இன்னொரு பக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது.

அதற்குள் அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து நாணைப் பளிச்சென்று துடைத்தாள். விரலில் ஒட்டிய குங்குமத்தை என் நெற்றியில் வைத்தாள்.

“அழிக்கலடி. இடம் மாத்தறேன், அவ்ளோதான். நீ விடு.”

சுத்தமான நாணுக்குக் கொக்கி எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வியாழக்கிழமை இடம். அதை எத்தனை வாரமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். திருகாணிச் சாவியான ஆலன் கீயை எடுத்து இரண்டே திருகில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். கடைசிச் சுற்றின் முதல் அம்பு போர்டின் நீல வளையத்தில் ‘டப்’ என்று குத்தியது. அந்தச் சத்தத்துக்கு அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அடுத்தது சிவப்பு. அதற்கடுத்தது நட்டநடுவில் இருக்கும் மஞ்சளை உரசிக்கொண்டு நின்றது. எனக்குக் கால் தரையில் இல்லை.

முடிவில் நான் கடைசிக்கு முந்தின இடம். (கடைசி ஆள் ஜுரம் வந்து போட்டிக்கே வரவில்லை.) வில் பரணுக்குப் போகவில்லை, ஹாலில் மாட்டினோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் சரி, கம்ப்யூட்டர் உறைந்தாலும் சரி, முதலில் கேட்பது அம்மா எங்கே பொட்டு வைத்தாள் என்றுதான். அம்மா அதற்கெல்லாம் அசர மாட்டாள். கல்யாண வீடுகளில் யாராவது குறும்பாக, உங்கள் பெண் அந்தப் போட்டியில் எத்தனாவது இடம் என்று கேட்டால், ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்.

“இடத்த விடுங்க. மத்தவங்க வில்லெல்லாம் யாரோ செட் பண்ணிக் குடுத்தது. இவளோடது நாங்க ரெண்டு பேரும் பண்ணது.”