பஞ்சணை நாட்டின் மழைச் சட்டம்

ஒரு வீட்டின் கொல்லையில், கிணற்றடியும் முருங்கை மரமும் எல்லைகளாக, பஞ்சணை நாடு என்றொரு நாடு இருந்தது. குடிமக்கள் அத்தனை பேரும் சில்க்கிக் கோழிகள். உடம்பு முழுக்க இறகுக்குப் பதில் பஞ்சு, காலுக்கு ஐந்து விரல், தலையில் பூப்பந்து மாதிரி ஒரு கொண்டை. பறக்க வராது, வம்பு தும்புக்குப் போகவும் தெரியாது. ஆளுவதற்கு இவ்வளவு தோதான மக்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள் என்று அரசாங்கமே ஒருமுறை பெருமையோடு அறிவித்திருக்கிறது.

யாருக்குக் கொண்டை பெரிதோ அவரே அரசர் என்பது அந்நாட்டு மரபு. முறைப்படி தேர்தல் உண்டு. வாக்காளர்கள் வேட்பாளரின் கொண்டையை அலகால் தடவிப் பார்த்து வாக்களிப்பார்கள். கண்ணால் பார்த்து வாக்களிக்க வழியில்லை, ஏனென்றால் அவரவர் கொண்டை அவரவர் கண்ணை மூடியிருந்தது. மகுடேசர் தொடர்ந்து ஜெயித்து வந்தார். அவருடைய கொண்டை அலகுவரை இறங்கிவிட்டதால், தீனித் தட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக்கூட அமைச்சர் சாம்பமூர்த்தி சொல்லித்தான் தெரிந்துகொள்வார். "நம் அரசருக்கு நாளைய நூற்றாண்டு தெளிவாகத் தெரிகிறது. தட்டு போன்ற சில்லறை விஷயங்களைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்" என்று அமைச்சர் விளக்கம் கொடுப்பார். அவர் கொண்டையும் கண்ணுக்குக் கீழேதான் தொங்கியது.

இந்த நாட்டில் வெள்ளைத்தாய் என்று ஒரு பெட்டைக்கோழி இருந்தாள். உருண்டையாக எது அகப்பட்டாலும் அதன்மேல் உட்கார்ந்து அடைகாக்கத் தொடங்கிவிடுவாள். சில்க்கிகளுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு, இவளுக்குக் கொஞ்சம் தூக்கல். எலுமிச்சம்பழத்தை அடைகாத்திருக்கிறாள். பிள்ளைகள் விட்டுப்போன ரப்பர் பந்தை, அது கிழிந்து காற்றுப் போகும்வரை அடைகாத்திருக்கிறாள். தன் இறக்கைக்கு அடியில் ஒரு குஞ்சு 'கீச்' என்று சொல்லிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பாவம், அது மட்டும் நடக்கவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் கூண்டின் கூரை ஒழுகியது. பஞ்சு உடம்பு தண்ணீர் தாங்காது. நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு குளிர் எலும்பைப் பிடிக்கும். மக்கள் போய் முறையிட்டார்கள். அமைச்சரவை கூடி நெடுநேரம் யோசித்து, கூரையைச் சரிசெய்வதைவிட மழையை ரத்து செய்வது எளிது என்ற முடிவுக்கு வந்தது. அன்று மாலையே சட்டம் வந்தது: பஞ்சணை நாட்டில் மழை பெய்வதில்லை, நனைந்தவர்கள் வதந்தியால் நனைந்தவர்களாகவே கருதப்படுவார்கள், பெய்யாத மழைக்கு ஒதுங்குவது ராஜத்துரோகம். மறுநாள் கொட்டிய மழையில் மக்கள் வெட்டவெளியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்று வெடவெடத்தார்கள். அதை உற்சாக நடுக்கம் என்று அரசாங்கம் பதிவு செய்துகொண்டது.

அடுத்தபடியாக முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. இதற்கும் அரசு சும்மா இருக்கவில்லை. எல்லா முட்டைகளையும் கருவூலத்தில், அதாவது ஓர் உடைந்த பானையில், பாதுகாப்புக்காக ஒப்படைக்க வேண்டும் என்றும், பதிலுக்கு ஒவ்வொருவருக்கும் அரசு முட்டை வழங்கப்படும் என்றும் உத்தரவு போட்டது. அரசு முட்டை என்பது வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கல். கருவூலத்துக்குக் காவலராகக் கீரனார் நியமிக்கப்பட்டார். அவர் ஒரு கீரி. "முட்டை விஷயத்தில் அவருக்கு இருக்கும் நீண்ட அனுபவம் நாட்டில் வேறு யாருக்கும் இல்லை" என்று அமைச்சர் சொன்னபோது, அரசர் தலையாட்டினார். அரசருக்குத் தெரிந்தவரை அவர் கொஞ்சம் நீளமான கோழி.

வெள்ளைத்தாய் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். இட்ட முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், கூழாங்கற்களை வாங்கிவந்தாள், உட்கார்ந்தாள். நாள் போய்க்கொண்டே இருந்தது. விசாரிக்கப் போனபோது அமைச்சர் கனிவோடு கேட்டார்:

"அம்மையே, தாங்கள் அமரும்போது நாட்டை நினைத்து அமர்கிறீர்களா, குஞ்சை நினைத்து அமர்கிறீர்களா?"

"குஞ்சத்தான் நெனைப்பேன்யா."

"அதுதான் குறை. உடம்புச் சூடு இருக்கிறது, நாட்டுப்பற்றின் சூடு போதவில்லை. இன்னும் அழுத்தி அமருங்கள்."

அவள் வந்து இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். இதையெல்லாம் மதில்மேல் இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சியம்மாள், கினிக்கோழி, பஞ்சணை நாட்டில் குடியேறிய ஒரே வெளியூர்க்காரி. தலை மொட்டை, அதனால் கண் நன்றாகத் தெரியும். தெரிந்ததையெல்லாம் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவாள். அவளுக்காகவே கூச்சல் தடைச் சட்டம் என்று ஒன்று தனியாக இருந்தது. அன்று மட்டும் தொண்டையை அடக்கிக்கொண்டு இறங்கிவந்தாள்.

"ஏளா வெள்ளைத்தாயி, அது கல்லுளா. கல்லு என்னைக்குப் பொரிச்சிருக்கு?"

"அப்படிச் சொல்லாதீயக்கா. அமைச்சரு சொல்லியிருக்காவ."

"நீ குடுத்த முட்டைக்குக் காவலிருக்கானே, அவன் யாருன்னாவது தெரியுமா? கீரிளா அவன்."

"நான் எங்கக்கா கண்டேன்? எனக்கு எல்லாரு காலுந்தான் தெரியுது."

பேச்சியம்மாள் கிட்டே வந்து குரலை இன்னும் தாழ்த்தினாள். அவளுக்கு அது பழக்கமில்லை. பிறகு, "புதருக்குள்ள ஒரு முட்டை போட்டிருக்கேன். எனக்கு ஒரு எடத்துல உக்காந்தா கால் பரபரங்கும், அடைகாக்க வராது. உன் கல்லோட கல்லா வச்சுக்க. எங்க முட்டை ஓடு அம்புட்டுக் கெட்டி, எவன் தட்டிப் பாத்தாலும் கல்லுன்னுதான் நெனைப்பான்" என்றாள்.

வெள்ளைத்தாய் முதலில் பின்வாங்கினாள். சட்டத்தை மீறி அவள் ஒரு கம்பு மணியைக்கூடக் கொத்தியதில்லை. ஆனால் பேச்சியம்மாள் உருட்டிவந்த அந்த முட்டை அடிவயிற்றில் பட்டபோது கற்களிடம் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அவளால் அதை வெளியே தள்ள முடியவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி எல்லாவற்றையும் அலகால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தரமான அரசு முட்டைகள் என்று திருப்தியோடு போனார்.

ஒரு காலையில் 'கீச்' என்றது. வெள்ளைத்தாய் அழுதுவிட்டாள். உடம்பெல்லாம் வரி, மொட்டைத் தலை, உருண்டைக் கண், பிறந்ததுமே ஊரைக் கூட்டும் தொண்டை. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "என் முட்டை, உன் சூடு. ரெண்டு பேருக்கும் பிள்ளைதான்" என்றாள். வளர்ந்தால் பேச்சியம்மாள் மாதிரி உடம்பெல்லாம் புள்ளி வரும் என்பதால் புள்ளி என்று பேர் வைத்தார்கள்.

சத்தம் கேட்டு அரசாங்கம் ஓடிவந்தது. வெள்ளைத்தாய் தண்டனைக்குத் தலைகுனிந்து நின்றாள். அமைச்சரோ, "கல் பொரித்துவிட்டது!" என்று அறிவித்தார். முட்டைத் திட்டத்தின் மகத்தான வெற்றி விழா கிணற்றடியில் ஏற்பாடாயிற்று. மேடையில் அரசர், அவருக்குப் பக்கத்தில் கீரனார். அமைச்சர் உரையாற்றினார்.

"இந்தப் பொன்னான வெயிலில் கூடியிருக்கும் பெருமக்களே, கல்லின் வயிற்றில் பிறந்த இந்தக் குழந்தை இனி நாட்டின் சொத்து. இதை வளர்க்கும் பொறுப்பை, நம் முட்டைகளை இத்தனை காலம் கண்போல் காத்துவரும் கீரனாரிடமே ஒப்படைக்கிறோம். அம்மையே, குழந்தையை முன்னே அனுப்புங்கள்."

அவர் பொன்னான வெயில் என்று சொல்லும்போதே தூறல் விழுந்தது. பிறகு சோவென்று பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கூடாது என்பதால் யாரும் ஒதுங்கவில்லை. பஞ்சு உடம்புகள் நனைந்து சுருங்கின, கொண்டைகள் நனைந்து கனத்து ஒருபக்கமாகச் சரிந்து தலையோடு ஒட்டிக்கொண்டன.

வெள்ளைத்தாய்க்கு உலகம் பளிச்சென்று தெரிந்தது. முதலில் புள்ளியைப் பார்த்தாள், இவ்வளவு அழகா என்று இருந்தது. பிறகு மேடையைப் பார்த்தாள். நீளமான உடம்பு, சின்னச் சின்னப் பல், மீசையில் காய்ந்துபோன மஞ்சள் கரு. அந்த மீசை அவள் பிள்ளையைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சண்டை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். புள்ளியை இறக்கைக்குள் தள்ளி, நடு மைதானத்தில் அழுத்தி உட்கார்ந்தாள்.

"அம்மையே, எழுந்திருங்கள். இது அரசாணை" என்றார் அமைச்சர்.

"எந்திரிக்க மாட்டேன்யா. அழுத்தி உக்காரச் சொன்னதே நீங்கதானே."

ஒரு சில்க்கி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் கால் மடங்கிவிடும். வரிசையாக எல்லாப் பெட்டைகளும் அவளைச் சுற்றி, அவள்மேல், ஒருத்திமேல் ஒருத்தியாக உட்கார்ந்து குவிந்தார்கள். ஈரமான அந்தக் குவியலிலிருந்து அத்தனை கண்களும் கீரனாரையே பார்த்தன. மதில்மேல் பேச்சியம்மாள் தடைச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். வீட்டுக்குள் நாய் எழுந்து குரைத்தது. அரசரும் நனைந்திருந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தவர், "சாம்பமூர்த்தி, நம் காவலர் இவரா?" என்று மெல்லக் கேட்டார்.

"வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது, மகாராஜா" என்றார் அமைச்சர், தண்ணீர் சொட்டச் சொட்ட.

அதற்குள் கீரனார் சொந்தக் காரணங்களுக்காகச் சாக்கடை வழியே பதவி விலகியிருந்தார்.

மழை விட்டது, வெயில் வந்தது. பஞ்சு காய்ந்து பொங்கியது, கொண்டைகள் மறுபடி கண்ணில் விழுந்தன. அரசருக்கு மீண்டும் நாளைய நூற்றாண்டு தெரியத் தொடங்கியது. நடந்ததை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு இரண்டு பரிந்துரைகள் செய்தது: இனி மழை பெய்வதாக ஒப்புக்கொள்ளலாம், இனி தேர்தல்கள் நல்ல கோடையில் மட்டுமே நடக்கும்.

அப்படியே நடந்தது. கத்திரி வெயிலில் தேர்தல் வந்தது. மகுடேசர் கொண்டையைச் சீவிக்கொண்டு வாக்குச்சாவடியில் தயாராக நின்றார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரும் இந்த முறை போட்டியிடுவதாகவும், அவர் முட்டையைத் தொடுவதையே விட்டுவிட்டதாகவும், கொஞ்சம் நீளமாக இருப்பார் என்றும் அமைச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் வாக்குச்சாவடியில் யாரையும் காணோம். கொல்லையின் மறுமூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. முதலில் நின்ற வெள்ளைத்தாய், பக்கத்தில் புள்ளியை நிறுத்திவிட்டு, தலையைத் தொட்டிக்குள் நன்றாக முக்கி எடுத்தாள்.