நீலப் பட்டில் பதிந்த தாவரம்

தூங்கும்போது தன் உருவம் எப்படி இருக்கும் என்று பெரும்பாலான மனிதர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் மாணவர்கள், பெற்றோர்கள், வாட்ச்மேன் உட்பட ஒரு முந்நூறு பேருக்கும் தெரியும்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. தாவரவியல் ஆசிரியர், தற்காலிகம். "சயின்ஸ் எக்ஸிபிஷன் நல்லா நடந்தா உங்கள பர்மனென்ட் பண்றத பத்தி பேசலாம்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: ஓவிய ஆசிரியை கலைவாணியோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். (அறிவியலுக்கு எதற்குக் கலர் பென்சில் என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.)

நான் தேர்ந்தெடுத்தது நீல அச்சு. கேமரா அபூர்வமாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கடற்பாசிகளை இந்த முறையில்தான் படமெடுத்துப் புத்தகமாக்கினார். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே செடியைப் பரப்பி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும். செடி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும்.

"தாளு எதுக்கு சார்? பட்டுல பண்ணலாம்" என்றார் கலைவாணி. அவர் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. "எங்கப்பாவ கேட்டு வெள்ளைப் பட்டு மூணு கெஜம் எடுத்துக்கினு வர்றேன். செடிங்கள அழகா அடுக்கறத நான் பாத்துக்கறேன்."

"அடுக்கெல்லாம் வேணாம் டீச்சர். இது கோலம் இல்ல, சயின்ஸ்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கண்காட்சியன்று விடிவதற்கு முன்பே எழுந்து மாகறல் கிராமத்துப் பக்கம் போய், வாய்க்கால் ஓரமாகக் கோரை, ஆம்பல், வல்லாரை எல்லாம் பறித்து வந்தேன். முந்தின இரவே கரைசல் பூசி இருட்டில் காயவைத்திருந்த பட்டை, ஒன்பது மணிக்குப் பள்ளி மொட்டை மாடியில் விரித்துச் செடிகளைப் பரப்பினோம்.

"காத்து அடிக்குது சார். நாலு மூலையிலயும் கல்லு வெச்சிடலாம்."

"கல்லோட நிழலும் விழும் டீச்சர். நானே ஓரத்துல உக்காந்துக்கறேன். நீங்க கீழ போய் தொட்டியில தண்ணி ரொப்புங்க."

"இருவது நிமிஷம்தான். அப்புறம் சுருட்டிடணும்."

"எனக்கே சொல்றீங்களா" என்று சிரித்தேன்.

உட்கார்ந்தேன். தை மாத வெயில் இதமாக இருந்தது. பட்டு அதைவிட இதமாக இருந்தது. உட்காருவதைவிடச் சற்றுச் சாய்ந்தால் எடை பரவலாக விழும், துணி இன்னும் நன்றாக நிற்கும் என்று ஓர் அறிவியல் காரணமும் தோன்றியது. சாய்ந்தேன்.

"சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்" என்று மைக் அலறியபோதுதான் கண்விழித்தேன். ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. நான் எப்போதோ சுருட்டியிருப்பேன் என்று நம்பிக் கலைவாணி கீழேயே இருந்துவிட்டார். நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. பட்டைச் சுருட்டிக் கறுப்புத் துணியில் திணித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். செடிகள் எங்கே என்ற கேள்வி கடைசிப் படியில்தான் வந்தது. எப்படியும் பதிந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினர் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். அவர் முன்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் முழங்கினேன். "இதில் ஓவியரின் கற்பனைக்கு இடமே இல்லை. இயற்கை தன்னைத் தானே வரைந்துகொள்கிறது" என்று முடித்தேன். நானும் கலைவாணியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பட்டை முக்கி அலசி, அவையை நோக்கித் தூக்கிப் பிடித்தோம்.

ஏழாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அரங்கத்தையே சுற்றிவந்தது. நான் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தேன்.

நீலம் அற்புதமாக இருந்தது. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று நான். ஒரு கை தலைக்கு அடியில். முழங்கால் மடங்கி, தொந்தி தனியாகப் பட்டில் இறங்கியிருந்தது. கோரையும் ஆம்பலும் காற்றோடு போய்விட்டன. முழங்கால் மடிப்பில் ஒதுங்கிய ஒரே ஒரு வல்லாரை இலை மட்டும் காம்போடு நேர்த்தியாக விழுந்திருந்தது.

பேராசிரியர் எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இது என்ன ஸ்பீசிஸ்?"

தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வேலை போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன்.

"தூங்குமூஞ்சி சார்" என்றார் கலைவாணி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

(உண்மையாகவே அப்படியொரு மரம் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். அந்தப் பாடத்தை நடத்தியவனும் நான்தான்.)

"அது சாயங்காலம்னா மூடிக்கும்? இது காலம்பறயே மூடிண்டிருக்கே" என்று சொல்லிப் பேராசிரியர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் அரங்கில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கை பதிய வேண்டுமாம். மீதமிருந்த கரைசலைத் தாளில் பூசி, கையையும் இலையையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று கலைவாணி சொல்லிக்கொடுத்தார். நான் வாளியில் தண்ணீர் சுமந்தேன்.

சாயங்காலம் அவரிடம், "உங்கப்பா குடுத்த பட்ட வீணாக்கிட்டேன் டீச்சர்" என்றேன்.

"வீணா? அவ்ளோ நேரம் வெயில்ல கெடந்ததாலதான் சார் இந்த நீலம் வந்துக்குது. அடுத்த வாட்டி எங்க படுக்கணும்னு மட்டும் என்னைக் கேட்டுட்டு படுங்க."

தலைமையாசிரியை வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் மட்டும் இன்றுவரை எனக்குக் கொடுப்பதில்லை.

பட்டு எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்குகிறது. அதே பள்ளியில் இப்போது என் மகள் ஆறாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கூடத்தில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், தொட்டிச் செடியில் நாலு இலை பறித்து வந்து என்னைச் சுற்றி அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

"மூச்ச மெதுவா விடுப்பா" என்பாள். "வயிறு ஆடுனா படம் கலங்கிடும்."