சிட்லபாக்கத்தில் ஒரு கருந்துளை

பேராசிரியர் பத்ரிநாராயணனின் கருந்துளை ஒத்திகையிலேயே காலியாகிவிட்டது.

"ஏன்னா, இருந்த ஒரு டிரம் தண்ணியையும் சாக்கடைக்கு விட்டுட்டேளே!" என்றாள் மனைவி வைதேகி.

2004 கோடை. சிட்லபாக்கம் ஏரிக்குள் கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது.

"அதைத் தண்ணின்னு சொல்லாதே. டிரம்முல சுழிச்சுண்டு அடி ஓட்டை வழியா இறங்கறதே, அதோட கணக்கும் கருந்துளையோட ஈர்ப்புக் கணக்கும் ஒரே ஜாடை. ஓட்டைகிட்ட போன அலை திரும்பியே வராது."

"நம்மாத்துத் தண்ணியும்தான் வராது. நாளைக்கு எதுல குளிக்கறது?"

குளியலா முக்கியம்? ஆராய்ச்சி நிலைய இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன் மாலையில் நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையசைத்தால் ஜெர்மனி மாநாடு. அசைக்காவிட்டால் இந்த வருஷமும் கல்லூரியில் முதலாண்டுப் பையன்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் சீக்கிரம் தீராமலிருக்க ஓட்டையில் எம்-சீல் அப்பினார். சமையலறைக் குடத்தை டிரம்மில் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டை முழுக்க அடைத்துக்கொண்டதில் சுழியே வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். ஓட்டை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதானது. குடிக்கிற தண்ணீரும் போயிற்று.

வேறு வழியில்லாமல், தெருமுனைக்கு வரவேண்டிய தண்ணீர் லாரியை போன் போட்டுத் தன் வாசலுக்கே வரவழைத்தார். லாரிக்குப் பின்னால் தெருவே வந்தது, குடங்களோடு.

"பார்த்தியா வைதேகி, ஜனங்களுக்கு அறிவியல்ல எவ்வளவு ஆர்வம்!"

வைதேகி உள்ளே போய்க் காலிக் குடத்தை எடுத்து வந்து வரிசையில் வைத்தாள்.

பக்கத்து வீட்டு மெஹர் பானு டிரம்முக்கு அடியிலேயே ஒரு பச்சைக் குடத்தைத் தள்ளினாள்.

"எடும்மா அதை! தண்ணி தடையில்லாம விழணும். இல்லேன்னா பிரபஞ்சமே தப்பாயிடும்."

"பிரபஞ்சம் கெடக்கட்டும் சார். எங்க வீட்ல காலைலேருந்து பாத்திரம் கழுவல."

சண்டை முற்றும் நேரத்தில் இயக்குநரின் கார் வந்தது. குடங்கள் ஒதுங்கின. லாரிக் குழாய் டிரம்முக்குள் திரும்பியது. தண்ணீர் சுழன்றது. பேராசிரியர் ஐன்ஸ்டைனில் ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினார். இயக்குநர் டிரம்மிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

பேராசிரியர் சிலிர்த்துப்போனார். உப்பிருந்தால் அடர்த்தி மாறும். என்ன நுணுக்கமான கேள்வி!

"நல்ல தண்ணி சார்!"

"பிரமாதம். உங்க பேரை ஜெர்மனிக்கு அனுப்பறேன். நிறுத்திடாதீங்க, ஓடட்டும்."

பேராசிரியர் பெருமையோடு வைதேகியைப் பார்த்தார். அப்போதுதான் இயக்குநரின் டிரைவர் ஜெயவேலு கார் டிக்கியைத் திறந்தான்.

"ஐயா, நம்ம கொடத்த லாரில புடிக்கவா, ஓட்டைல புடிக்கவா? காலைலேர்ந்து ரெண்டு விஞ்ஞானி வூட்டுக்குப் போயும் ஒரு சொட்டு கெடைக்கல, இங்கயாச்சும் கீதே!"